பக்கத்து நாற்காலியும் கக்கத்து மடிப்பும்

உடை வாங்குகிறவர்கள் ஒரு ரகம், உடை தைக்கிறவர்கள் ஒரு ரகம். இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. அது வாங்காது, தைக்காது, ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. ஆனால் வாங்குகிறவள் கூடவே புறப்பட்டு வரும். அளவு பார்க்கிற அறையில் ஆளுயரக் கண்ணாடிக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் பட்டு நாற்காலியில் போய் உட்காரும். கால்மேல் கால் போடும். உடை மாளிகைக்காரர்கள் மரியாதைக்குக் கொடுக்கிற ஷாம்பெயினை வாங்கி, இது போன தடவை கொடுத்தது மாதிரி இல்லை என்று சொல்லிக்கொண்டே கடைசிச் சொட்டு வரை குடிக்கும். பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, அபிப்பிராயம் சொல்லும். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. இதற்குப் பக்கத்து நாற்காலி மேதை என்று பெயர் வைப்போம்.

பாரிஸில் பேர்பெற்ற உடை மாளிகைகள் வரிசையாக இருக்கிற தெருக்களில் இதை எந்த மத்தியானமும் பார்க்கலாம். அடையாளம் சுலபம். கோட்டைப் போட்டுக்கொள்ளாது, தோளில் மாட்டிக்கொள்ளும். கைகள் உள்ளே நுழையவே நுழையாது. கோட்டின் வெறும் கைகள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கிக்கொண்டு வரும். அதனால் கதவை வேறு யாராவது திறக்க வேண்டும், குடையை வேறு யாராவது பிடிக்க வேண்டும். கடவுள் கொடுத்த கைகள் பின்னே எதற்கு என்கிறீர்களா? ஒன்று பைக்கு. இன்னொன்று அபிப்பிராயத்துக்கு.

அதன் பேச்சும் தனி. உடை உனக்குப் பொருந்தவில்லை என்று சாதாரண மனுஷி சொல்வாள். மேதை அப்படிச் சொல்லாது. "நீ இந்த உடைக்குப் பொருந்தலைடி" என்று சொல்லும். "துணி என்னமோ சொல்ல வருது, நீதான் விடமாட்டேங்கிற" என்று சொல்லும். பிடித்திருக்கிறது என்று சிரித்தபடி திரும்புகிறவளிடம், "உனக்குப் பிடிக்கிறதுதான் இதுல பிரச்னையே" என்று சொல்லும். எரிச்சல் வருகிறதா? வரட்டும். இன்னும் இருக்கிறது.

இந்த ரகத்தில் முதல் தரமான உருப்படி மதாம் ஒர்த்தான்ஸ். அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பாவத்துக்கு, ஓதில் என்கிறவள் அன்று முதல் அவள் வாயில் அகப்பட்டுக்கொண்டாள். ஓதிலின் மூக்குக்கண்ணாடி ஒர்த்தான்ஸ் சொன்னது, தலைமுடி ஒர்த்தான்ஸ் சொன்னது, சமையலறைத் திரைச்சீலை ஒர்த்தான்ஸ் சொன்னது. புருஷனைக்கூட அவள்தான், "நிக்கறப்ப நல்லா இருக்கான், கட்டிக்கோ" என்று சொல்லித் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். நிற்கும்போது நன்றாகத்தான் இருந்தான். ஆனால் மனுஷன் நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பானா? அவன் உட்கார்ந்ததும் பேசியதும் சாப்பிட்டதும் சகிக்கவில்லை, விட்டுத் தொலைத்தாயிற்று. அதற்குப் பிறகாவது ஓதிலுக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? வரவில்லை.

இத்தனைக்கும் ஓதில் லேசுப்பட்டவள் இல்லை. சேர்ந்திசைக் குழுவை நடத்துகிறவள். கையில் கோலை எடுத்து நின்றாளானால் மேடை நிறையப் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் அவள் விரல் நுனியைப் பார்த்துத்தான் மூச்சு விடுவார்கள். ஆனால் பல வருஷங்களாக அவள் துணை நடத்துநர்தான். தலைமை நடத்துநரான பெரியவர் வருவதற்கு முன் குழுவைப் பழக்கி வைப்பாள். பெரியவர் வந்து கைதட்டல் வாங்கிக்கொண்டு போவார். இந்த வசந்தத்தில் பெரியவருக்கு இடுப்பில் அறுவை செய்துவிட்டதால், ஆற்றங்கரைப் பெரிய அரங்கத்தில் ஓர் இரவு, ஒரே ஓர் இரவு, ஓதிலே நடத்தலாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. நன்றாக அமைந்தால் அடுத்த கச்சேரிப் பருவம் அவளுக்கு. சொதப்பினால் ஓய்வு பெறும்வரை மறுபடி பெரியவருக்குப் பாடகர்களைப் பழக்கிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

அந்த இரவுக்காக, தனக்கென்று நல்லதாக எதுவுமே வாங்கிக்கொள்ளாத ஓதில், வல்கூர் மாளிகையில் ஒரு கறுப்பு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாள்.

முதல் தடவை அளவு பார்க்கத் தனியாகத்தான் போனாள். ஒர்த்தான்ஸ் கடற்கரைக்குப் போயிருந்தாள். நல்ல துணியில் வெட்டுவதற்கு முன்னால் முரட்டுப் பருத்தியில் ஒரு மாதிரி தைத்துப் போட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். அதைப் போட்டுக்கொண்டு ஓதில், "எனக்கு ரெண்டு கையும் தலைக்கு மேல போகணும், அதான் என் வேலை" என்றாள். அளவு பார்க்கிற மதாம் இவோன், அதற்கென்ன என்று கக்கத்தில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்துவிட்டாள். ஓதில் கண்ணாடி முன் நின்று, இல்லாத பாடகர்களுக்குக் கை வீசி பாட்டின் முதல் பக்கம் முழுவதையும் நடத்திப் பார்த்தாள். ஜாக்கெட் அசையவில்லை, கைகள் மட்டும் பறந்தன. சந்தோஷத்தில் மதாம் இவோனின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டு வந்தாள்.

இரண்டாம் தடவை வந்தது மேதை.

நிஜத் துணியில் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஓதில் வந்து நின்றதும், நாற்காலியில் ஒரு பெருமூச்சு கேட்டது. ஒர்த்தான்ஸ் ஷாம்பெயின் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாளென்றால் விவகாரம் பெரிசு என்று அர்த்தம்.

"இது என்னடி, கக்கத்துல?"

"எது?"

"இதோ, ஒரு மடிப்பு. தொங்குது பாரு."

"கையைக் கீழ விட்டா அது விழும். தூக்கினா போயிடும். இதோ பாரு."

"தூக்காதே! யாரு உன்னைத் தூக்கச் சொன்னா? வல்கூர் போட்டவ எவளாவது கையைத் தூக்கி நீ பாத்திருக்கியா? பஸ்ஸுல தொங்கறவதான் கையைத் தூக்குவா."

"ஒர்த்தான்ஸ், நான் கையைத் தூக்கித்தானே சம்பாதிக்கிறேன்."

"ஜனங்க உன்னைப் பாக்கப் போறது முதல்ல நடந்து வர்றப்போ. அப்ப கை எங்கே இருக்கும்? கீழே. கக்கத்துல இப்படி ஒரு பை தொங்கிட்டு இருந்தா, பாவம், வீட்டுல தச்சுக்கிட்டா போலிருக்குன்னுதான் நினைப்பாங்க. அப்புறம் நீ என்ன பாட்டு நடத்தி என்ன?" என்று சொல்லி, மதாம் இவோன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நீங்களே சொல்லுங்க. இது உங்க மாளிகைக்கு அழகா?"

மதாம் இவோன் என்ன சொல்வாள்? அந்த மாளிகையில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது ஊசி பிடிப்பது அல்ல, ஒத்துப்போவது. "எடுத்துட்டா ஜாக்கெட்டோட வடிவம் இன்னும் சுத்தமாத்தான் இருக்கும், மதாம். உங்க இஷ்டம்" என்றாள். யாருடைய இஷ்டம்? ஜாக்கெட் ஓதிலுடையது, உடம்பு ஓதிலுடையது, இரவு ஓதிலுடையது. ஆனால் எல்லோரும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓதிலும் பார்த்தாள்! எத்தனையோ பேரின் மூச்சைக் கையில் பிடித்து வைத்திருக்கிறவளுக்கு, 'முடியாது' என்று ஒரு சொல் சொல்லத் தெரியவில்லை. வெட்கக்கேடு.

துண்டை எடுத்தார்கள், கைக்குழியை இறுக்கித் தைத்தார்கள், மடிப்பு போய்விட்டது. மூன்றாம் தடவை ஓதில் கண்ணாடி முன்னால் அடித்து வைத்த ஆணி போல நின்றாள். கை கொஞ்சம் அசைந்தால் போதும், "ஆட்டாதே, கசங்கும்" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. முடிவில் ஒர்த்தான்ஸ் எழுந்து, ஓதிலைச் சுற்றி ஒரு வட்டம் நடந்துவிட்டு, "இப்பத்தான்டி நீ யாரோ மாதிரி இருக்கே" என்று பாராட்டினாள்.

மாளிகை வழக்கப்படி ஜாக்கெட், கச்சேரி அன்று சாயங்காலம், மெல்லிய காகிதத்தில் சுற்றி, பெட்டியில் வைத்து, நேராக அரங்கத்துக்கே வந்தது. உள்ளே வேறெதுவும் போடக்கூடாது, அதன் கோடு வெளியே தெரியும் என்பது மேதையின் கட்டளை. மேடைக்குப் பின்னால் குளிர் வாட்டியதால் ஓதில் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சொல் பேச்சு கேட்காமல், துவைத்துத் துவைத்து வெளிறிய கறுப்புப் பனியன் ஒன்றை அடியில் போட்டு, அதன் கழுத்து தெரியாமல் மறைத்துக்கொண்டாள். ஒர்த்தான்ஸ் வந்து பொத்தானெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"ஒரே ஒரு தடவை கையைத் தூக்கிப் பாத்துக்கட்டுமா?" என்றாள் ஓதில்.

"மேடையில போய்த் தூக்கிக்கோ. இப்பவே கசக்காதே."

ஓதில் மேடையில் நடந்து வந்தாள். சொன்ன வாக்குக்குக் குறைவில்லாமல் ஜம்மென்றுதான் இருந்தாள். கக்கத்தில் மடிப்பின் சுவடுகூட இல்லை. வணங்கினாள். குழுவின் பக்கம் திரும்பினாள். கோலை எடுத்தாள். அரங்கம் அடங்கியது. எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுக்கும்படி இரண்டு கைகளையும் உயரே தூக்க வேண்டும், அங்கிருந்துதான் பாட்டே பிறக்கும்.

தூக்கினாள். கைகள் மார்பு வரை வந்து நின்றுவிட்டன.

இன்னும் முயன்றாள். கைகள் வரவில்லை, ஜாக்கெட் வந்தது. கழுத்துப்பட்டை காதை எட்டியது, கீழ் விளிம்பு தொப்புளைத் தாண்டியது. முன் வரிசைப் பெண்கள் கோலைப் பார்த்துவிட்டார்கள், பாட ஆரம்பித்தார்கள். பின் வரிசை ஆண்களுக்குக் கோலே தெரியவில்லை, வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். வயலின்காரர்களில் பாதிப் பேர் வாசித்தார்கள், பாதிப் பேர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு அடி தள்ளாடிவிட்டுப் பாட்டு அப்படியே விழுந்து செத்தது. மேல் மாடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நிர்வாகத்தார் வரிசையில் ஒருவர் குனிந்து பக்கத்தில் இருப்பவரிடம் என்னவோ சொன்னார்.

அந்த நிமிஷம் ஓதில் காத்துக் கிடந்த காலமெல்லாம் ஒரு கக்கத்தில் சிக்கிக்கொண்டது. பயந்தாள், பிறகு கோபம் வந்தது. ஒர்த்தான்ஸ் மேல்கூட இல்லை, தன் மேல். கோலைப் பல்லில் கடித்துக்கொண்டாள். பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அவசரத்துக்குக் கழற்றுவதற்கா வல்கூரில் பொத்தான் தைக்கிறார்கள்? அரங்கம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தோளை உலுக்கி அந்த ஜாக்கெட்டை உரித்து, பின்னாலிருந்த கைப்பிடிக் கம்பியில் போட்டாள். அது வழுக்கித் தரையில் விழுந்தது. எடுக்க யாரும் குனியவில்லை. வெளிறிய பனியனோடு நின்று, வாயிலிருந்து கோலை எடுத்து, இரண்டு கைகளையும் கூரையைத் தொடுகிற மாதிரி தூக்கினாள் ஓதில்.

குழு மொத்தமும் மூச்சை இழுத்தது. அதற்கப்புறம் அவர்கள் பாடின பாட்டைப் பற்றிப் பேச இந்த இடம் போதாது. பின் வரிசை ஆண்கள் அழுதுகொண்டே பாடினார்கள் என்பது மட்டும் நிஜம்.

முடிந்ததும் அரங்கம் எழுந்தது. முதலில் படபடவென்று தட்டினார்கள். பிறகு அந்த ஊர் வழக்கப்படி, இன்னும் ஒரு பாட்டு வேண்டும் என்று எல்லோரும் ஒரே தாளத்தில் தட்ட ஆரம்பித்தார்கள். நிர்வாகத்தார்கூடத் தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டினார்கள். மூன்றாம் வரிசையில் ஒருத்தி மட்டும் தட்டவில்லை. பக்கத்திலிருந்த கிழவர் அவளை முறைத்துப் பார்த்தார்.

கச்சேரிக்குப் பிறகு, பூங்கொத்துகளுக்கு நடுவே வியர்வை சொட்ட உட்கார்ந்திருந்த ஓதிலைத் தேடி ஒர்த்தான்ஸ் வந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஜாக்கெட் எங்கேடி?"

"மேடையிலயே கிடக்கு."

"கடைசியில கும்பிடறப்பவாவது எடுத்துப் போட்டிருக்கக் கூடாது? பனியனோட! எனக்கு மானம் போச்சு."

ஓதில் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "பாட்டு எப்படி இருந்துச்சு?"

"அதுக்கென்ன, எல்லாரும் தட்டினாங்களே."

"நீ தட்டினியா?"

"நான் எப்படிடி தட்டுவேன்?" என்றாள் ஒர்த்தான்ஸ், கேட்கவே கூடாத கேள்வியைக் கேட்டுவிட்ட மாதிரி. "உள்ள போட்டிருக்கறது வல்கூர். மேல கோட்டு வேற. கை எங்கே சேருது?"

ஓதில் சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை. சிரிப்பு ஓய்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போ, ஒர்த்தான்ஸ். நாளைக்கு அந்தத் திரைச்சீலையையும் மாத்தப் போறேன். நீ வராதே" என்றாள்.

மேதை திருந்தியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? நன்றாக இருக்கிறதே கதை! மறுவாரமே வேறொருத்தியின் கண்ணாடிக்குப் பக்கத்தில், அதே நாற்காலியில், கிண்ணத்தோடு உட்கார்ந்துவிட்டது. "ஓதிலுக்கு அந்தப் பனியன் யோசனையைக் கொடுத்ததே நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

நல்லவேளை, நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன தீபாவளிக்கு உங்கள் தங்கை ஆசையாகக் கையில் எடுத்த கத்தரிப்பூ நிறப் புடவையை, "இதுவா? உன் நிறத்துக்கா?" என்று கேட்டுத் திரும்ப வைக்கச் செய்தது யார்? அவள் இன்னும் மறக்கவில்லை. அன்று கடைக்காரர் உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டு, குளிர்ச்சியாகக் குடிக்கக் கொடுத்தார், ஞாபகம் இருக்கிறதா? ஒன்றும் அவசரமில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து மெதுவாக எழுந்திருங்கள். எழுந்திருக்கும்போது தோளிலிருந்து ஏதாவது நழுவி விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.