நாலு மைக்ரான் பொட்டு

திருச்சி ஜில்லாவிலேயே இட்லியைக் கருவி வைத்து அளந்து திருப்பி அனுப்பிய ஒரே மனிதர் மைக்ரான் அண்ணன்தான். "ஒரு பக்கம் ஏறி இருக்குங்க" என்றார். கடைக்காரர் வேறு வைத்தார். அதையும் அளந்தார்.

அரியமங்கலத்தில் நான் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் அவர்தான் செக்கிங். ஒரு முடியை நீளவாக்கில் எழுபதாகக் கிழித்தால் ஒரு கீற்றின் தடிமன் ஒரு மைக்ரான் என்பார். நாங்கள் கடைந்ததை அவருடைய மைக்ரோமீட்டரில் வைத்துத் திருகிப் பார்ப்பார். சரியாக இருந்தால் "ம்". அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அந்தக் கருவியை யாரும் தொடக்கூடாது. ஒருத்தன் அதில் கொட்டைப்பாக்கு உடைத்தான். மறுநாள் அவனுக்கு வேலை இல்லை.

நிலாவைச் சுற்றிப் படம் எடுக்கப் போகும் விண்கலத்துக்கு நாற்பது அலுமினிய வளையம் செய்யும் வேலை எங்களுக்கு வந்தது. ஆள் இல்லாத கலம். "ஏதாச்சும் ஆனா ஸ்பேனர் எடுத்துக்கிட்டு போக முடியாதுடா" என்று அண்ணன் தினமும் சொன்னார். கடைந்தது நான். முடித்த அன்று ஆயுத பூஜை. மறுநாள் அளந்து, நாலு மணி வண்டியில் ஏற்ற வேண்டும்.

பூஜையில் மைக்ரோமீட்டரையும் அண்ணனே கொண்டுவந்து வைத்தார். மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்தேன். அது மட்டும் வெறுமனே கிடந்தது. மனசு கேட்கவில்லை. பொருளைக் கவ்வும் இரண்டு முனைகள்தான் தட்டையாக இருந்தன. அங்கே சந்தனம் வைத்தேன். வைத்த பிறகு பாக்கு உடைத்தவன் ஞாபகம் வந்தது. சட்டை நுனியால் துடைத்துவிட்டேன்.

காலையில் அண்ணன் முதல் வளையத்தை அளந்தார்.

"நாலு மைக்ரான் கூட."

அடுத்தது. நாலு. நாற்பதும் நாலு.

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "லேசா சீவிடலாமாண்ணே?"

"சீவலாம். கூடுனா கொறைக்கலாம். கொறஞ்சா ஒட்ட முடியாதுங்க."

வேறு உலோகமும் கையில் இல்லை. முதலாளி வண்டிக்குப் போன் பண்ண வாசலுக்குப் போனார். முதல் வளையத்தை லேத்தில் மாட்டினேன். ஓடவிட்டேன். உளி தொட நகக்கண் அளவுதான் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. வளையம் சரி. அந்த நாலு, நான் துடைத்தும் ஒட்டியிருந்த சந்தனம்.

சீவினால் நாற்பதும் குப்பை. சொன்னால் என் வேலை போகும். எட்டாவதோடு வந்தவன். வேறு தொழில் தெரியாது.

மோட்டாரை நிறுத்தினேன். அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணே. நேத்து உங்க மைக்ரோமீட்டருக்குப் பொட்டு வச்சேன்."

பக்கத்து லேத்துகளின் இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

"எங்கடா?"

"கவ்வுற எடத்துல."

"எதுல தொடச்ச?"

"சட்டையில."

என் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "சந்தனமே தேவலாம்" என்றார்.

ஸ்பிரிட் எடுத்து முனைகளைத் துடைத்தார். திருப்பி அளந்தார். "ம்." அடுத்தது. "ம்." நாற்பது "ம்" வரும்வரை நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசலில் ஹாரன் அடித்தது.

முதலாளி ஓடி வந்தார். "காலையில கூடன்னீங்களேண்ணே?"

நான் தரையைப் பார்த்தேன்.

"முனையத் தொடைக்காம அளந்துட்டேங்க. என் தப்பு" என்றார் மைக்ரான் அண்ணன்.

அந்தப் பட்டறையில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. முதலாளி இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

கலம் நிலாவுக்குப் போய்ச் சேர்ந்த அன்று எல்லோரும் டிவி முன்னால் நின்றோம். அது நிலாவுக்குப் பின்னால் போனது. சிக்னல் இல்லை. என் டீயில் ஆடை கட்டிவிட்டது. பிறகு சிக்னல் வந்தது. சுற்ற ஆரம்பித்துவிட்டது என்றார்கள். அண்ணன் திரும்பி, "இப்பவாச்சும் குடிடா" என்றார்.

ஓய்வு பெற்று இப்போது ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். பட்டறைக்குப் புது செக்கிங் ஆள் வந்திருக்கிறார். நல்ல ஆள்தான். இருந்தாலும் புது வேலை எது வந்தாலும், முதலில் கடைந்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறிவிடுகிறேன்.