மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களுக்கு நான் காட்டிய பூச்சாடி

பித்தளை போல மின்னும் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. இந்த ஞானம் எனக்கு வந்தது, பிரியாவின் அப்பா கனடாவில் எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று காலை.

பிரியா ஏற்கெனவே என்னை விரும்பிவிட்டாள். அவள் அப்பாதான் இன்னும் ஓம் சொல்லவில்லை. கௌரவமாகக் காட்ட எங்கள் வீட்டில் ஒரு சாமானும் கிடையாது. அதனால்தான் புவாண்ட்-கிளேரில் யாரோ வாசலில் பரப்பி விற்ற பழைய சாமான்களுக்குள் அதைக் கண்டதும் பாய்ந்து வாங்கினேன். முழங்காலுக்கு மேல் உயரம், பித்தளை நிறம், பருத்த அடி, ஒடுங்கிய வாய். அடியில் ஒரு துளை. பூச்சாடி என்று முடிவெடுத்தேன். (துளை தண்ணீர் வடியத்தானே! அப்போது என் மூளையும் துளையோடுதான் இருந்தது.)

“பித்தளை எண்டால் புளி போட்டுத் தேய்,” என்றார் அம்மா. புளியும் கம்பி நாருமாகத் தேய்த்தேன். மின்ன வேண்டிய நிறம் கழன்று கையோடு வந்தது. உள்ளே சாம்பல் நிற உருக்கு எட்டிப் பார்த்தது. கழன்ற பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி, துளையைச் சூயிங்கம்மால் அடைத்து, தண்ணீர் விட்டு ரோஜாக்களைச் செருகினேன்.

பிரியாவோடு வந்த அவள் அப்பா சரியாக அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நல்ல சாமான். எங்க எடுத்தனீர் தம்பி?”

“பரம்பரைச் சாமான் அங்கிள். சுத்தப் பித்தளை. அப்பப்பா காலத்திலயிருந்து இருக்கு.”

அம்மா தேத்தண்ணித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

பிரியா எழுந்துபோய் எங்கள் பிரிட்ஜில் ஒட்டியிருந்த, பூட்டீன் என்ற உருளைக்கிழங்குப் பொரியலின் படம் போட்ட காந்தத்தை எடுத்துவந்து சாடியில் வைத்தாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

“பித்தளையில காந்தம் பிடிக்காதே அப்பா?”

(இவளைத்தான் கட்டியே தீருவேன் என்று நின்றேன்.)

அந்த நேரம் பார்த்துச் சூயிங்கம்மும் என்னைக் கைவிட்டது. தண்ணீர் முழுதும் ஒழுகி அவருடைய காலுறை நனைந்தது. அவர் பூக்களை எடுத்து மேசையில் வைத்துவிட்டுச் சாடியைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் வட்டமாக எண்களும் எழுத்துகளும், நடுவே ஒரு குட்டிக் கழுகும்.

“தம்பி, இது ஷெல் கோது. ஹிட்லர்ர ஆக்கள் பீரங்கியில போட்டு அடிச்சது. உம்மட அப்பப்பா ஜேர்மன் ஆமியிலயோ இருந்தவர்?”

நான் மேசையில் கிடந்த ரோஜாக்களை அடுக்கத் தொடங்கினேன்.

“நாங்கள் ஷெல்லுக்குப் பயந்துதான் கனடாவுக்கு ஓடி வந்தனாங்கள். நீர் அதைக் காசு குடுத்து வாங்கி, பூவும் வைச்சு, எனக்குப் பக்கத்தில நிப்பாட்டியிருக்கிறீர்!”

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவருடைய வயிறு சிரிப்பில் குலுங்கத் தொடங்கியது.

“இவ்வளவு கேவலமாப் பொய் சொல்லுற பெடியன் என்ர பிள்ளையை ஒருநாளும் ஏமாத்தேலாது. நீங்கள் கலியாணத்துக்கு நாள் பாருங்கோ,” என்றார் அம்மாவிடம்.

போர் இழுபட இழுபட, ஜேர்மன்காரருக்குப் பித்தளைத் தட்டுப்பாடு வந்து, உருக்கில் கோது செய்து மேலே மெல்லிய பித்தளைப் பூச்சுப் பூசினார்களாம். பிறகு தேடிப் படித்தேன். உலகப் போர் தாண்டி வந்த பூச்சு அம்மாவின் புளியிடம் தோற்றுப்போனது.

கோது இப்போது எங்கள் வாசலில் குடைகளையும் பனி தட்டும் பிரஷ்ஷையும் தாங்கிக்கொண்டு துருப்பிடித்து நிற்கிறது. மாமா அதைக் கடக்கும்போதெல்லாம் “பெரியவர் சுகமோ?” என்று என் அப்பப்பாவை விசாரிப்பார். பிரியா பூட்டீன் காந்தத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். நேற்று நான் பிந்தி வந்து, “மெட்ரோ நிண்டு போச்சு,” என்றதும் பேசாமல் அதை எடுத்து என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

காந்தம் நிலத்தில் விழுந்தது.

“பாத்தீரே,” என்றேன், “சுத்தப் பித்தளை.”