கியர் முனியும் பூட்டிய பானெட்டும்

1983-ஆம் வருஷம் எங்கள் ஊர் டத்தோ கிராமாட்டில் பேய்கள் மனிதர்களை விட்டுவிட்டு வண்டிகளைப் பிடிக்க ஆரம்பித்தன. மனிதர்களைப் பிடித்து இனி ஒரு பிரயோசனமும் இல்லை என்று அவற்றுக்கே அலுத்துப்போயிருக்கலாம்.

அந்தப் பேய்களை ஓட்டியவர் கியர் முனி சாமியார். இயற்பெயர் நல்லமுத்து. சாமியாராவதற்கு முன் டயர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையானால் அவர் வீட்டு முற்றத்திலிருந்து பெரிய ரோடு வரைக்கும் கார்கள் வரிசை பிடித்து நிற்கும். காரை விட்டு இறங்கும் ஒவ்வொருவர் கக்கத்திலும் ஒரு சேவல் இருக்கும். கட்டணம் அதுதான். கூடவே ஒரு போத்தல் பிராந்தி. தன்மேல் இறங்கும் முனி பச்சையாகக் குடிக்கும் என்பதால் சோடா தேவையில்லை என்று சாமியார் பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார்.

எல்லா வண்டிக்கும் பேய் பிடிக்காது. என் மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் முனி இறங்காது தம்பி," என்று அவரே திருப்பி அனுப்பிவிட்டார். அவருடைய நிபுணத்துவம் ஆட்டோ கியர் வண்டிகளில் மட்டும்தான்.

"நீ கிளட்சு மிதிக்கல. கையால கியர் மாத்தல. அது தானா மாறுது. அப்ப உள்ள உக்காந்து மாத்துறது யாரு?" என்று கேட்பார்.

கூட்டம் வாயைப் பிளக்கும். கேள்வி நல்ல கேள்விதான். பதிலுக்குத்தான் சேவல் கேட்டார்.

விநாசித்தம்பிக்கும் ஒரு ஆட்டோ கியர் லோரி இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரன் பட்டர்வொர்த்தில் மலிவாக விற்றுவிட்டுப் போன வண்டி. கல்யாணங்களுக்கு நாற்காலியும் கூடாரமும் வாடகைக்கு விடுவது விநாசித்தம்பியின் தொழில். வியாழக்கிழமை லோரியைப் பழனியப்பனின் ஒர்க்‌ஷாப்பில் விட்டு, கியர் எண்ணெயை மாற்றி எடுத்து வந்தார். சனிக்கிழமை முந்நூறு நாற்காலி ஏற்றிக்கொண்டு, வண்டிகளைக் கடல் தாண்டிக் கொண்டுபோகும் ஃபெரிக்குப் போனார். அக்கரையில் புக்கிட் தெங்காவில் மறுநாள் சாயந்தரம் நவமணி வீட்டுக் கல்யாணம்.

ஃபெரி ஏற்றத்தில் லோரி பாதியில் நின்றது. எஞ்சின் அலறியது, சக்கரம் அசையவில்லை. பிறகு மெதுவாகப் பின்னால் வர ஆரம்பித்தது. பின்னால் நின்ற இருபது வண்டிகளும் ஹாரன் அடித்தன. ஃபெரி அவர் ஒருவரை மட்டும் விட்டுவிட்டுப் போனது. மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது. சமதரையில் ஊர்ந்து ஊர்ந்து பழனியப்பனிடம் வந்து சேர்ந்தார்.

பழனியப்பன் எஞ்சினை நிறுத்தினான். எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிக் காட்டினான். "பாருங்கண்ணே, ஃபுல்லா இருக்கு. என் வேலையில குத்தமில்ல. இது ஸ்பானருக்கு அடங்குற கேஸ் இல்ல லா. சாமிகிட்ட போங்க."

வீட்டுக்கு வந்து விநாசித்தம்பி சேவலுக்குச் சொல்லி வைத்தார். மனைவி அருந்ததி சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள்: "வியாழக்கிழமைக்கு முந்தி வண்டி நல்லாதான ஓடிச்சு?"

"ஆமா."

"வியாழக்கிழமை என்ன மாத்துனாங்க?"

"எண்ணெய்."

"அப்ப எண்ணெயதான பாக்கணும். பேய எதுக்குப் பாக்குறீங்க?"

அருந்ததி பாயான் லெப்பாஸ் ஃபாக்டரியில் ரேடியோவின் மின்சுற்றுப் பலகைகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தாள். ஒரு பலகை வேலை செய்யவில்லை என்றால் கடைசியாக எதைத் தொட்டார்கள் என்று பார்ப்பது அவளுக்குப் பழக்கம். அங்கே எந்தப் பலகைக்கும் சேவல் அறுத்ததில்லை.

"எல்லாத்துலயும் வெளையாடாத அருந்ததி. நாளைக்கு நாற்காலி போகலன்னா சம்பந்திவூட்டுக்காரங்க நின்னுகிட்டு சாப்புடுவாங்க. அப்புறம் எவன் என்னைக் கூப்புடுவான்?"

அவர் பயம் நியாயமானது. அதனால் அவள் சண்டை போடவில்லை. "நானும் வரேன்," என்றாள்.

ஞாயிறு காலை அவர்களுக்கு முன்னால் டாக்ஸிக்கார அலாவுதீன் நின்றார். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். அவருடைய டாக்ஸிக்கும் அதே நோய். சாமியார் எஞ்சினைப் போடச் சொன்னார், "முனிக்குச் சூடேறட்டும்." தீர்த்தச் செம்போடு போய், எஞ்சின் மூடியான பானெட்டைத் திறந்தார். சாம்பிராணியை அள்ளிப் போட்டதில் முற்றமே மறைந்தது. அலாவுதீனை முதுகைக் காட்டி நின்று நூற்றெட்டு வரை எண்ணச் சொன்னார். அவர் எண்பதில் இருமி, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினார். புகை விலகியபோது சாமியார் கையில் அவர் 'வேல்' என்று சொல்லும் ஒரு நீளக் கம்பி இருந்தது. நுனியிலிருந்து சிவப்பாகச் சொட்டியது.

"பேயோட ரத்தம்," என்றார்.

வெள்ளைத் துணியில் அதைத் துடைத்து உயரத் தூக்கிக் காட்டினார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. டாக்ஸி வாசல் மேட்டில் ஜம்மென்று ஏறியது.

அடுத்தது விநாசித்தம்பி. லோரியை ஊரவிட்டு வாசல் மேட்டிலிருந்து உள்ளே இறக்கினார். சாமியார் பானெட்டில் கை வைத்தார். திறக்கவில்லை. முன் கம்பிகளோடு சேர்த்துச் சைக்கிள் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. சாவி அருந்ததியின் கைப்பையில்.

"தொறம்மா."

"வேணாம் சாமி. இப்புடியே ஓட்டுங்க."

"எப்புடிம்மா ஓட்டுறது?"

"மந்திரத்தாலதான. தகரம் தடுக்குமா?"

சாமியாரின் முகம் மாறியது. "முனிகிட்ட வெளையாடாத. புருஷனுக்கு ஆகாது."

விநாசித்தம்பி மனைவியைப் பார்த்தார். பிறகு சாமியாரைப் பார்த்தார். இருவரில் யாருக்கு அதிகம் பயப்பட வேண்டும் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. சாவியைக் கேட்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

அலாவுதீன்தான் வாயைத் திறந்தார். "செஞ்சி காட்டுங்க லா சாமி. உங்க பவர் எங்களுக்குத் தெரியும்."

பாவம், அவர் உதவியாகத்தான் சொன்னார்.

வேறு வழியில்லை. சாமியார் முக்கால் மணி நேரம் ஆடினார். ஒரு சட்டி சாம்பிராணி தீர்ந்தது. லோரியை எலுமிச்சம்பழத்தால் அடித்தார். விநாசித்தம்பி ஆக்சிலேட்டரை மிதித்தார். லோரி உறுமியது, வாசல் மேட்டில் முன்சக்கரத்தை வைத்தது, மரியாதையாகப் பின்னால் வந்தது. பெண் நிழல் விழுகிறது என்றார் சாமியார். அருந்ததி ரோட்டைத் தாண்டிப் போய் நின்றாள். லோரி பின்னால் வந்தது. சேவல் கறுப்பாக இல்லை என்றார். யாரோ ஓடிப்போய் கறுப்புச் சேவல் கொண்டுவந்தார்கள். அப்போதும் பின்னால்தான் வந்தது.

அருந்ததி திரும்பி வந்து பூட்டைத் திறந்தாள். லோரியின் முன்பெட்டியில் கிடந்த வெள்ளைக்காரனின் கையேட்டை எடுத்துச் சத்தமாகத் தமிழில் சொன்னாள். "வண்டி சமதரையில நிக்கணும். எஞ்சின் சூடா ஓடிக்கிட்டே இருக்கணும். அப்பதான் கியர் எண்ணெய அளக்கணும். எஞ்சின நிறுத்திட்டுப் பாத்தா, எண்ணெய் கீழ வடிஞ்சு வந்து நெறைய இருக்குற மாரி காட்டும்."

எஞ்சின் ஓட, கம்பியை உருவித் துடைத்து, திரும்ப விட்டு எடுத்தாள். நுனி மட்டும் நனைந்திருந்தது. சாமியார் அலாவுதீனுக்கு 'வேல்' என்று காட்டியது இதே மாதிரிக் கம்பியைத்தான் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

சனிக்கிழமை சாயந்தரமே ஹார்ட்வேர் கடையில் வாங்கி வைத்திருந்த கியர் எண்ணெய் இரண்டு போத்தலை எடுத்தாள். கம்பி போகும் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அளந்தாள். எண்ணெய் நல்ல சிவப்பு. ஒரு சொட்டைச் சாமியாரின் வெள்ளைத் துணியில், பேயின் ரத்தத்துக்குப் பக்கத்திலேயே விட்டாள். இரண்டும் ஒரே நிறம், ஒரே நாற்றம்.

"மிதிங்க," என்றாள்.

முந்நூறு நாற்காலியோடு லோரி மேட்டில் ஏறி ரோட்டில் போய் நின்றது.

அலாவுதீன் சாமியாரின் பித்தளைச் செம்பைக் கவிழ்த்தார். உள்ளே தீர்த்தம் இல்லை. சிவப்பு எண்ணெய்தான் இருந்தது.

"நீங்கல்லாம் எங்க சர்வீஸ் பண்ணீங்க?" என்று வரிசையைப் பார்த்துக் கேட்டாள் அருந்ததி.

எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். பழனியப்பன்.

"அந்தப் பழனியப்பன் நம்ம சாமிக்கு என்ன ஒறவு?"

பக்கத்து வீட்டு வடிவம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "தங்கச்சி புருஷன்லா."

மச்சான் எண்ணெயைக் குறைத்து ஊற்றுவான். சாமி புகைக்குள் நின்று மிச்சத்தை ஊற்றுவார். சேவலை இரண்டு வீடும் பங்கு போட்டுக்கொள்ளும். இருவரும் அந்த ஒரு வருஷத்தில் அப்படிப் பருத்தது தெய்வ அருளால் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். கூட்டம் திரும்பிப் பார்த்தபோது சாமியார் பின்பக்க வேலியில் ஏறிக்கொண்டிருந்தார். வேட்டி மட்டும் வேலியில் மாட்டி நின்றது. மறுநாள் பழனியப்பனின் ஒர்க்‌ஷாப் திறக்கவில்லை.

விநாசித்தம்பி மதிய ஃபெரியைப் பிடித்தார். நாற்காலிகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சம்பந்தி வீட்டார் உட்கார்ந்தே சாப்பிட்டார்கள். வரும் வழியில் அவர் மனைவியிடம், "எண்ணெய நேத்தே வாங்கி வெச்சிருந்தியே, அப்பவே ஊத்தியிருக்கலாம்ல?" என்று கேட்டாராம்.

"ஊத்தியிருந்தா, சாமி பேர நெனைச்சதுமே சரியாப் போச்சுன்னு சொல்லியிருப்பீங்க," என்றாளாம் அவள்.

கூட்டம் திருந்தியதா என்று கேட்கிறீர்கள். போன வாரத்திலிருந்து ஆயர் ஈத்தாமில் ஒருவர் ஐஸ் பெட்டிக்குப் பேய் ஓட்டுகிறாராம். அன்று இங்கே கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களில் பாதிப் பேர் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். நீங்களும் போவதானால் போங்கள். புறப்படுமுன் ஐஸ் பெட்டியின் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். அது போட்டுத்தான் இருக்கிறது என்றால், அடுத்து உங்கள் மூளையைப் போட்டுப் பாருங்கள்.