நாலாவது மாடி ஓனர்

இனி தான் உழைப்பதில்லை, சுவர்கள் உழைக்கட்டும் என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் துலக்கும்போது தீர்மானித்தார். ஊராருக்கெல்லாம் கிட்டத்தில் இருப்பதைக் காட்டிக் கொடுக்கிற மனிதர்; அவர் கண்ணுக்கு மட்டும் எப்போதும் தூரத்தில் இருப்பதுதான் தெரியும்.

இப்போது தெரிந்தது, இன்னும் கட்டி முடிக்காத ஒரு கட்டடத்தின் நாலாவது மாடி. அதன் பால்கனியில் யாரோ ஒரு நல்லவர் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். மாதம் பிறந்ததும் அவர் தந்த வாடகை, பஞ்சுப் பொதிபோல் மிதந்து மிதந்து இறங்கி இவர் மடியில் வந்து உட்கார்ந்தது.

அந்த மாடியை வாங்கச் சட்டைப்பையில் செக் தயார். குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் அதில் இருந்தது. "பேரை மட்டும் எழுதாம விடுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று வீட்டுத் தரகர் சொல்லியிருந்தார்.

குழந்தையை இடுப்பில் வைத்திருந்த மனைவி அந்தச் சட்டைப்பையையே பார்த்தாள்.

"ஏங்க, நம்மகிட்ட இருக்கிறதே அவ்வளவுதான். பாப்பாவுக்கு நாளைக்கு ஒண்ணுன்னா?"

"கல்லும் சிமென்ட்டும் எங்க ஓடிப்போகும்?"

"வீடு ஓடாது. குடியிருக்கிறவர் ஓடிடுவாரே! ஆளே வராம பூட்டிக் கிடந்தா? குழாய் உடைஞ்சா?"

"போன்ல ஒரு வார்த்தை சொன்னா ஓனர் வேலை முடிஞ்சுது!"

அவள் பாப்பாவை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "சரி. இன்னிக்கு ஒருநாள் ஓனரா இருந்து பாருங்க. இந்த வீடுதான் உங்க நாலாவது மாடி. நான் குடித்தனக்காரி."

அவருக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். பால்கனிக் காற்று வீசியது.

"ஓனர் சார்! சமையலறைக் குழாய் சொட்டுது."

"ஆள் அனுப்பறேம்மா."

"ஞாயித்துக்கிழமை ஆள் வராதாம். நீங்களே வாங்க."

போனார். குழாய் முடிந்ததும் ஜன்னல் கொக்கி. அப்புறம் குளியலறைத் தாழ்ப்பாள், அலமாரிக் கதவு, ஆடுகிற கட்டில் கால். எல்லாம் அவள் மாதக் கணக்காகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்த சங்கதிகள். திருப்புளியைத் திருகும்போதும் கனவு மட்டும் அவரை விடவில்லை. நாலாவது மாடி அதற்குள் எட்டாவது மாடியாகியிருந்தது. பாப்பா சோற்றுக் கையைச் சுவரில் துடைத்த பிறகுதான் கனவில் லேசாக விரிசல் விட்டது.

"வாடகை எங்கம்மா?"

"இந்த மாசம் கை முடை சார். அடுத்த மாசம் சேத்துத் தர்றேன்."

"அப்போ காலி பண்ணுங்க!"

"கைக்குழந்தையை வச்சுக்கிட்டு எங்க சார் போவேன்?"

அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். ஓனர் திருப்புளியைக் கீழே வைத்தார். "சரிம்மா, இருங்க... மெதுவாக் குடுங்க."

மத்தியானம் கரிபிடித்த கையோடு தரையில் சரிந்தார். "ஓனராவது மண்ணாவது! குடியிருக்கிறவன்தான் மகாராஜா."

"அப்போ மாத்திக்கலாமா? நான் ஓனர், நீங்க குடியிருங்க."

உடனே அவர் முகத்தில் மறுபடி கனவு மிதந்தது. இனிக் கூப்பிட வேண்டியது அவர். ஓடி வர வேண்டியது அவள். கட்டிலில் கால் மேல் கால் போட்டார். "ஓனரம்மா, ஃபேன் மெதுவா சுத்துது!"

"முதல்ல அட்வான்ஸ். அப்புறம்தான் ஃபேன்."

மகாராஜாவுக்கு அட்வான்ஸ் ஒரு பொருட்டா? கண்ணைக்கூடத் திறக்காமல் செக்கை எடுத்து நீட்டினார். பேனா கிறுக்கும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தபோது, காலி இடத்தில் அவள் பேர் முத்து முத்தாக உட்கார்ந்திருந்தது.

"ஏய், ஆட்டம் முடிஞ்சுது! செக்கைக் குடு!"

"உங்க அட்வான்ஸை நான் சாப்பிட்டுடவா போறேன்?" பாப்பாவை அவர் மடியில் உட்கார வைத்தாள் ஓனரம்மா. "வீட்டைக் காலி பண்ற அன்னிக்கு வாங்கிக்குங்க. பெயின்ட் செலவு மட்டும் பிடிச்சுக்குவேன்."