ஏழு வேலை மிஷினும் நர்ஸம்மாவும்

பூந்தமல்லி நர்ஸம்மா தம் வாழ்நாளில் சோதித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: ஞானஸ்நானம். அப்போது அவருக்கு வயது இருபது நாள். இன்னும் ஒரு வருஷம் தாமதித்திருந்தால், இது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று சாமியாரைக் கேட்டிருப்பார்.

வெள்ளைக்காரர் காலம் அது. எங்கள் மருந்தகத்தில் ஒரு டாக்டர், ஒரு நர்ஸம்மா, ஒரு கம்பவுண்டர். அந்தக் கம்பவுண்டர் நான். நர்ஸம்மாவுக்கும் ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும். ஆனால் ஊரில் பாதிப் பேரைப் பூமியில் இறக்கிவிட்டவர் அவர். பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்குத் துணிச்சல் வரும்?

ஒருமுறை குடை வாங்கப் போனார். கடைக்காரர் பெருமையாக விரித்துக் காட்டினார். "விரியறது தெரியுது நைனா. நனையாம கீதான்னு பாக்கணும்" என்று சொல்லி, குடையைக் கடைக்காரர் கையிலேயே கொடுத்து நிற்கவைத்து, தலைக்கு மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் செய்தார். குடை தேறவில்லை. கடைக்காரரின் ஜலதோஷத்துக்கு நான்தான் மருந்து கலந்து கொடுத்தேன். நாற்காலி வாங்கப் போனால் என்னையும் கூட அழைத்துப் போவார். என் யோசனைக்காக அல்ல, என் எடைக்காக.

இப்படிப்பட்டவரிடம்தான் அந்தக் கோட்டுக்காரர் வந்து மாட்டினார்.

பட்டணத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய மனிதர். ஒல்லி உடம்பு, பெரிய கோட்டு, கையில் அதைவிடப் பெரிய மரப்பெட்டி. மருந்தகத் தாழ்வாரத்து மேஜையில் பெட்டியைத் திறந்து ஓர் இரும்பு யந்திரத்தை எடுத்து, மேஜை விளிம்பில் திருகாணி போட்டு முடுக்கினார். மேலே ஒரு வாய், பக்கத்தில் ஒரு கைப்பிடி, மாற்றி மாற்றிப் போட ஏழு வட்டத் தகடுகள்.

"சீமையிலேர்ந்து வந்தது அம்மா! தேங்கா துருவும், காய் நறுக்கும், கறி கொத்தும், காப்பிக்கொட்டை அரைக்கும், மொளகா அரைக்கும், மாவு ஆட்டும், முறுக்கு புழியும். ஏழு வேலை, ஒரே மிஷினு!" என்று சொல்லி, கோட்டுப் பையிலிருந்து ஒரு பிஞ்சு வெள்ளரிக்காயை எடுத்தார்.

"அத்த உள்ள வையி நைனா. அது நீ சொன்னபடி கேக்கும். எங்க ஊட்டு சேனக்கெழங்கப் போடு" என்றார் நர்ஸம்மா.

சேனைக்கிழங்கு போடப்பட்டது. கோட்டுக்காரர் பலம்கொண்ட மட்டும் சுற்றினார். கைப்பிடி சுற்றவில்லை, மேஜைதான் அவரையும் இழுத்துக்கொண்டு அரை வட்டம் சுற்றி டாக்டரின் அறைக் கதவில் போய் முட்டியது.

"எட்டு நாள் வச்சிப் பாருங்க அம்மா. புடிச்சா வாங்குங்க" என்றார் அவர், மூச்சு வாங்கியபடி.

அந்த ஒரு வாக்கியத்தை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

"நீயும் எட்டு நாள் இங்கியே இருக்கணும். நாளைக்கு எவன் வெரலாச்சும் போச்சின்னா நான் யாரக் கேக்கறது?"

கோட்டுக்காரர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துச் சத்திரத்தில் தங்கினார். தினமும் காலையில் முதல் நோயாளிக்கு முன்னால் வந்துவிடுவார். மதியம் வேலை ஓய்ந்ததும் சோதனை தொடங்கும். முதல் நாள் தேங்காய். செய்தி பரவி, மறுநாள் மருந்துச் சீசாவோடு வந்தவர்களைவிடத் தேங்காய் மூடியோடு வந்தவர்கள் அதிகம். காய்ச்சல்காரர் ஒருவர் வரிசை மாறி நின்று, கையில் துருவலோடு வீட்டுக்குப் போனார்.

நான்காம் நாள் மிளகாய். ஐந்தாம் நாள் காப்பி. இடையில் கழுவிவிட்டதாகக் கோட்டுக்காரர் சத்தியம் செய்தார். முதல் டம்ளர் டாக்டருக்குப் போயிற்று. சற்று நேரத்தில் அவர் கண்களில் தாரை தாரையாக நீர் வழிய வெளியே வந்தார். பெஞ்சில் காத்திருந்த கிழவர் பதறி எழுந்து, "யாரு சாமி பூட்டாங்க?" என்று கேட்டார். டாக்டர் கையிலிருந்த காப்பி டம்ளரைக் காட்டினார்.

ஆறாம் நாள் இட்லி மாவு. அதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. கோட்டு அதன் பிறகு வெள்ளைக் கோட்டாகவே இருந்தது.

எட்டாம் நாள் நர்ஸம்மா தீர்ப்பைச் சொன்னார். "தேங்கா, பரவால்ல. காயி, மெதுவா கீற காயின்னா நறுக்குது. முறுக்கு, ஒடம்புல வலு கீறவன் புழியலாம். காப்பி, மொளகா, ரெண்டும் பெயிலு. மாவு..." என்று கோட்டைப் பார்த்தார். "கறி கொத்தறதுல மட்டும் ராஜா. எனக்கு இது வேணாம் நைனா."

கோட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை யந்திரத்தின் பெருமையை மட்டுமே பேசிய வாயில் வேறு பேச்சு வந்தது.

"மூணு மாசமா ஒண்ணுகூட விக்கல அம்மா. இதுவும் திரும்பி வந்தா நீயும் வராதேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. பாடி கிராமத்துல ஊட்டுக்காரி மாசமா கீறா. ஏழு வேலையும் செய்யும்னு ஊர்ல நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். நாலு பேரு வாங்குவாங்க."

"எத்தினி மாசம்?"

"மூணு மாசமா விக்கலம்மா."

"மிஷினக் கேக்கல. அவளுக்கு எத்தினி மாசம்?"

"ஏழு முடிஞ்சிது."

"யாரு பாக்கறாங்க?"

"இன்னும் யாருகிட்டயும் காட்டலம்மா." அவரைத் திட்டுவதற்காக நர்ஸம்மா எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் மூன்று சீசா மிக்சர் கலந்து முடித்தேன். கடைசியில், "பொய் சொல்லமாட்டேன். மிஷினத் தூக்கிகினு என் பின்னால வா" என்றார்.

பெரிய ரோட்டில் ஒரு மிலிட்டரி ஓட்டல். அங்கே கோலா உருண்டைக்குக் காலையிலிருந்து இரண்டு ஆட்கள் கத்தி வைத்துக் கறி கொத்திக்கொண்டே இருப்பார்கள். நர்ஸம்மா முதலாளியிடம் நேராகப் போனார்.

"அண்ணாத்தே, இது ஏழு வேல செய்யும்னு இந்தாளு சொல்லுவாரு. நம்பாத. மூணு உதவாது, மூணு சுமாரு. ஆனா கறி கொத்தறதுக்கு இத்த அடிச்சிக்க முடியாது. எட்டு நாளு பாத்துட்டேன்."

கோட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். வியாபாரம் அங்கேயே செத்துவிட்டதென்று நானும் நினைத்தேன். முதலாளி யந்திரத்தைப் பார்க்கவே இல்லை. நர்ஸம்மாவின் முகத்தைத்தான் பார்த்தார்.

"கொற சொல்லி விக்க வந்தவங்கள இப்பத்தான் பாக்கறேன். எறக்கி வையிப்பா" என்றார்.

அன்று சாயங்காலம் கோலா உருண்டை சீக்கிரமே தயாராகிவிட்டது. அந்த மாதத்துக்குள் திருமழிசைப் பக்கம் இரண்டு ஓட்டல்கள் கேட்டனுப்பின. கோட்டுக்காரர் ஆறு தகடுகளைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, கறி கொத்தும் மிஷின் என்று மட்டும் சொல்லி விற்கத் தொடங்கினார்.

எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. "நர்ஸம்மா, நீங்க ஒண்டியாளு. அரை மூடித் தேங்காய்க்கு மேல உங்களுக்குத் தேவையில்ல. வாங்கறதா உத்தேசமே இல்லைன்னா எதுக்கு எட்டு நாள்?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "பாக்காமலே வேணாம்னு எப்டி சொல்றது கம்பவுண்டரே? அது அநியாயம் இல்லியா?"

இரண்டு மாதம் கழித்துப் பாடியிலிருந்து ஆள் வந்தது. மாட்டுவண்டியில் நர்ஸம்மா கிளம்பினார். மருந்துப் பெட்டியைத் தூக்க நான். போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கஷ்டமான பிரசவம். நானும் கோட்டுக்காரரும் வெளியே வேப்பமரத்தடியில் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறிய பிறகுதான் உள்ளேயிருந்து அழுகுரல் கேட்டது. நர்ஸம்மா வாசலுக்கு வந்து, "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க. போயி மூஞ்சக் கழுவு, கொழந்த பயந்துக்கப் போவுது" என்றார். கோட்டுக்காரர் கழுவப் போகவில்லை. அங்கேயே நின்று விம்மினார்.

திரும்பும் வழியில் நர்ஸம்மா மருந்துப் பெட்டியின் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். அவர் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாய் லேசாகத் திறந்திருந்தது. நரைமுடி ஒன்று கன்னத்தில் ஒட்டியிருந்தது. பள்ளம் வரும்போதெல்லாம் பெட்டி அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வண்டி பூந்தமல்லி வந்துவிட்டது. மருந்தக வாசலில் காத்திருக்கும் கூட்டம் தூரத்திலேயே தெரிந்தது. வண்டிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொருவாட்டி ஏரிக்கரையச் சுத்திகினு வாங்க அண்ணாத்தே" என்றேன், மெதுவாக.