மைலோ டின்னுக்குள் மந்திரம்

பேயைப் பாட்டிலில் பார்த்திருக்கிறீர்களா? 1958இல் டன்லப் ஸ்ட்ரீட்டில் நீலமணி சுவாமி காட்டினார். தொலைவிலுள்ள கிராஞ்சியிலிருந்தெல்லாம் ஜனங்கள் லாரி ஏறி வந்தார்கள். படித்தவர்கள் காரில் வந்தார்கள், வித்தியாசம் அவ்வளவுதான்.

புண் கழுவிய நீரைக் கொண்டுபோக வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அதுதான் பேயாம். சுவாமி நீலத் தீர்த்தம் சில சொட்டு விட்டு, பாட்டிலை வெயிலில் வைத்து மந்திரம் சொல்வார். ஒரு மணி நேரத்தில் நாற்றம் போய்விடும். பேயும் போச்சு, காணிக்கையாகக் கழற்றிக் கொடுத்த பக்தரின் மோதிரமும் போச்சு! மழை நாளில் மட்டும் சுவாமிக்கு மௌன விரதம்.

துறைமுகக் கூலி மருதப்பனுக்குக் காலில் ஆறாத சர்க்கரைப் புண். இந்த வாரமே வராவிட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். கத்தி பட்டால் பேய் இடுப்புக்கு ஏறிவிடும் என்றார் சுவாமி. மனைவி பாக்கியலட்சுமி சுவாமியை நம்பினாள். பாட்டில் நாறவில்லையே! கால் மட்டும் கறுத்துக்கொண்டே வந்தது.

பக்கத்து மருந்துக்கடைக் கம்பவுண்டர் பெர்னார்டுக்கு எரிச்சல் தாங்கவில்லை. தொண்டைப் புண்ணுக்குத் தடவும் நீல மருந்தைத்தான் சுவாமி அவரிடம் புட்டி புட்டியாக வாங்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, உங்க மந்திரம் தகரத்தைத் தாண்டுமா?" என்று கூட்டத்தின் நடுவே கேட்டார்.

"என்னய்யா கேள்வி? மலையையே தாண்டும்லா!" கூட்டமே பதில் சொல்லிவிட்டது. சுவாமியால் பின்வாங்க முடியவில்லை.

பாக்கியலட்சுமி கொண்டுவந்த நீரை இரண்டு பாட்டிலில் ஊற்றி, இரண்டிலும் அதே நீலத்தை விட்டு, ஒரே வெயிலில் வைத்தார் பெர்னார்ட். ஒன்றின் மேல் காலியான மைலோ பானத்தூள் டின்னைக் கவிழ்த்தார். அதற்குச் சுவாமி தொண்டை கட்ட மந்திரம் சொன்னார். மற்றதைப் பெர்னார்ட் கோப்பி குடித்தபடி திட்டினார். "நாறப் பயலே, ஓடுடா!"

ஒரு மணி நேரம் கழித்து, திட்டு வாங்கிய பாட்டிலில் நாற்றமே இல்லை. மந்திரம் வாங்கியதை மோந்த பாக்கியலட்சுமி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"நாத்தம் கந்தகத்தால வருதும்மா," என்றார் பெர்னார்ட். " வெயில் பட்டா இந்த நீலம் அதுகிட்டேருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிடும். அப்புறம் காத்துல இருக்கற ஆக்சிஜன் அதோட சேர்ந்துக்கும், நாத்தம் போயிடும். பாட்டில்லதான் போகும். உன் புருசன் கால்ல போகாது!"

"அடப்பாவி, அந்தக் காலுக்கு என்னடா பதில்?" என்று அவள் பாய்ந்தபோது சுவாமி சிராங்கூன் ரோட்டில் பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார். அன்றே டாக்சி வைத்து மருதப்பனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இரண்டு விரல்கள் போயின, கால் தப்பியது.

மறுநாள் பெர்னார்ட் கடை முன்னால் அதே கூட்டம். "ஐயா, நேத்து பாட்டிலைத் திட்டுனீங்களே, அதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க!"

பெர்னார்ட் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு மாசமா பாட்டிலை மோந்து மோந்து பாத்தீங்களே, ஒருத்தராவது அந்த மனுசன் காலைப் பாத்தீங்களா? யோசிங்கய்யா! அதுக்கு யாரும் மோதிரம் கேக்க மாட்டாங்க."