ரைட்டிலிருந்து சென்டருக்கு ஒரு மாற்றல்

புரோத்ராபூர்,
ஸ்ரீ விஜயபுரம்.
(உறை மேல் போர்ட் பிளேர் என்றே எழுதுங்கள், வந்து சேர்ந்துவிடும்.)
24-1-2026

விருதுநகர் வாழ் மதிப்புக்குரிய சம்பந்தி திரு. முருகானந்தம் அவர்களின் சமுகத்துக்கு, பன்னீர்செல்வம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், மாப்பிள்ளை அருண்பிரசாத்தும், வாசல் தென்னைகள் மூன்றும் சுகம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் கடையும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பொருள்: என் மகள் ப்ரியங்காவின் மாற்றல் – இல்லை என்று தெரிவித்தல் – மன்னிப்புக் கோருதல்.

பார்வை: (1) தை முடிவதற்குள் மருமகள் கேம்பல் பேயிலிருந்து வந்து சேராவிட்டால் வேலையை விடச் சொல்லிவிடுங்கள் என்று கார்த்திகையில் தாங்கள் போனில் சொன்னது. (2) என் 9-1-2026 தேதியிட்ட வாட்ஸப் செய்தி, லட்டுப் படத்துடன்.

முப்பத்தொரு வருடம் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் தலைமை எழுத்தராக இருந்த கை, பொருளும் பார்வையும் போடாமல் எழுத மறுக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பார்வை இரண்டில் கண்ட செய்தி தவறு. ப்ரியங்காவுக்கு மாற்றல் வரவில்லை. முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நீங்கள் நிதானமாகப் படிக்கலாம். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் அது முடியாது.

எங்கள் பக்கத்து வீட்டில் அன்பழகன் என்று ஒரு தம்பி இருக்கிறான். தலைமைச் செயலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறான், அதற்கு முன்னால் மூன்று வருடம் சென்னையில் ஏதோ அமெரிக்கக் கம்பெனிக்கு ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவன். நல்ல பையன்தான், அதில்தான் வினையே. மார்கழி பிறந்ததும் அவனைப் பிடித்து, தம்பி, என் மகள் வேளாண்மைத் துறையில் ஃபீல்டு அசிஸ்டன்ட், கேம்பல் பேயில் நாலு வருடமாகக் கிடக்கிறாள், கப்பலில் போய்வரவே மூன்று நாள் மூன்று நாளாக ஆறு நாள், மாற்றல் பற்றி ஏதாவது காதில் விழுந்தால் சொல்லப்பா என்றேன். அவன், "ஊழியர் சங்க வாட்ஸப் குரூப்புல ஒங்களச் சேத்து வுட்டுடறேன் அங்கிள், எல்லா நியூஸும் மொதல்ல அங்கதான் வரும்" என்று சொல்லி, ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு மறு கையால் சேர்த்தும் விட்டான். குழுவின் பெயர் 'அவுட்ஃபீல்டு – ஆஃப் சீசன்'. எனக்குச் சந்தேகமே வரவில்லை, சம்பந்தி. அவுட்ஃபீல்டு என்றால் வெளித்தீவு ஃபீல்டு வேலை. ஆஃப் சீசன் என்றால் கடல் கொந்தளித்துக் கப்பல் ஒழுங்காக ஓடாத காலம். இதைவிடத் தெளிவாக ஒரு சங்கம் பெயர் வைக்க முடியுமா?

உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே அடிதடி. லெஃப்டுக்கு ஆள் எடுத்தாச்சு, ரெண்டு வருஷம், மூணாவது வருஷம் ஆப்ஷன் என்கிறார் ஒருவர். சென்டர்தான் காலி, அங்கே யாரைப் போடுவது என்கிறார் இன்னொருவர். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. நம் தீவுகள் வடக்கும் தெற்குமாக நீளவாக்கில் கிடப்பவை, இதில் லெஃப்ட் ஏது ரைட் ஏது? அப்போதுதான் போன புயலில் ஆணி பிடுங்கிக்கொண்டு விழுந்த அந்தமான் தீவுப்படம் பெஞ்சின் மேல் படுக்கைவாட்டில் கிடப்பதைப் பார்த்தேன். இடது கோடியில் திக்லிபூர். நடுவில் போர்ட் பிளேர். வலது கோடியில், கடைசிப் புள்ளியாக, கேம்பல் பே. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. லெஃப்ட், சென்டர், ரைட்! அதற்கு மேல் எல்லாமே புரிந்தது. எல்லாமே என்றால், கொஞ்சம் தவிர.

அந்தக் கொஞ்சத்தையும் உங்களிடம் மறைப்பானேன். ஒருத்தரை அறுபது நாள் ஐ.எல்.லில் போட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தார்கள். ஈட்டிய விடுப்பான ஈ.எல். என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகள் தப்பாக டைப் அடிக்கிறார்கள் என்று நினைத்துத் திருத்தி அனுப்பினேன். ஃப்ரீ ஏஜென்ட், ஃப்ரீ ஏஜென்ட் என்று வாய்க்கு வாய் சொன்னார்கள். மாற்றல் வாங்கிக் கொடுக்கும் ஏஜென்ட் இந்தக் காலத்தில் ஃப்ரீயாகவும் செய்கிறானா என்று ஆச்சரியப்பட்டு நம்பர் கேட்டேன். இன்னொருத்தன் போன வருடம் நாற்பத்திரண்டு தடவை திருடினானாம், ஒரு தடவைகூட மாட்டவில்லையாம், அவனைத்தான் சென்டருக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஏழு பேர் கைதட்டுகிறார்கள்! மூன்று கோல்டு க்ளவ் வாங்கியவன் என்று வேறு சான்றிதழ். நம் காலத்தில் லஞ்சம் வாங்கினவன் பழக்கூடைக்குள் மறைத்து வாங்குவான். இப்போது தங்கத்தில் கையுறையே செய்து வாங்குகிறார்கள், அதைப் பெருமையாக எழுதவும் செய்கிறார்கள். நாடு எங்கே போகிறது என்று, ஆபீஸ் விட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த மாப்பிள்ளையிடம் புலம்பினேன். அவர் ரசம் ஊற்றிக்கொண்டே, "மாமா, கேம்பல் பே கப்பல்ல ஸ்கூட்டர ஏத்த விடுவாங்களா?" என்று கேட்டார். ப்ரியங்காவின் ஸ்கூட்டரைத் திருப்பிக் கொண்டுவர இப்போதே யோசிக்கிறாரே, எவ்வளவு நம்பிக்கை என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குழுவில் நல்லதம்பி என்று ஒருவர். அவர் ஒன்று சொன்னால் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள், அதனால் அண்டர் செக்ரட்டரி அந்தஸ்தில் உள்ளவர் என்று முடிவு கட்டினேன். ஜனவரி எட்டாம் தேதி அவர் எழுதினார்: 'ரைட்ல இருக்கறதயே சென்டருக்கு நகத்துங்க. ரைட்டுக்குக் கை வேணும், சென்டருக்குக் கால் வேணும்.' உடனே மகளுக்குப் போன் போட்டேன்.

"கால் எப்பிடிம்மா இருக்கு?"

"நல்லாத்தாம்ப்பா இருக்கு. ஏன்?"

"ஓட முடியுமா?"

"எங்க ஓடணும்?"

"சென்டருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு உட்கார்ந்து குழுவில் முறைப்படி மனு எழுதினேன். ஐயா, ரைட்டில் நாலு வருடம் பணி முடித்த என் மகளைச் சென்டருக்குக் கொண்டுவர ஆவன செய்யும்படி வேண்டுகிறேன் என்று. பிறகு நல்லதம்பி கேட்டார், 'ஆவரேஜ் என்ன அங்கிள்?' பயிற்சித் தேர்வில் ஆயிரத்துக்கு எழுநூற்றுப் பதினான்கு என்றேன். சம்பந்தி, அந்தக் குழு ஆடிப்போய்விட்டது. 'எழுநூத்திப் பதினாலா! முந்நூறு இருந்தாலே கோடி கோடியாக் கொட்டுவாங்க அங்கிள்!' 'உலகத்துலயே கெடயாது!' 'லெஃப்ட் ஹேண்டா, ரைட் ஹேண்டா?' எழுதுவது இடது கை, சாப்பிடுவது வலது கை என்று உண்மையைச் சொன்னேன். 'ரெண்டு பக்கமுமா! உடனே சைன் பண்ணுங்கப்பா!' என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். மறுநாள் காலை நல்லதம்பி ஒரே வார்த்தை போட்டார்: 'சைன்டு.' பக்கத்தில் ஒரு பேனாப் படம்.

ஆயிரக்கணக்கான பேரைத் தீவு விட்டுத் தீவு அனுப்பிய ஆர்டர்களை என் கையால் எழுதியிருக்கிறேன். எண் இல்லாத ஆர்டரை நம்பி ஒரு குண்டூசியைக்கூட நகர்த்தாதவன் நான். அன்றைக்கு அந்தப் பேனாப் படத்தை நம்பி அபர்டீன் பஜாருக்கு ஆட்டோ ஏறினேன். மிட்டாய்க்கடை வங்காளி, "க்யா பாத் ஹை அங்கிள், ஷாதி ஹை க்யா?" என்று, வீட்டில் கல்யாணமா எனக் கேட்டார். "நஹி, பேட்டி கா ட்ரான்ஸ்ஃபர்!" என்றேன். "கேம்பல் பே சே? அரே, தப் தோ பாஞ்ச் கிலோ லீஜியே!" என்று அவரே தராசில் ஐந்து கிலோ லட்டை அள்ளிப் போட்டார். இந்த ஊரில் கல்யாணத்தைவிட மாற்றலுக்குத்தான் மரியாதை. அங்கிருந்தே விருந்துக்கு வரச் சொல்லி உங்களுக்குச் செய்தி அனுப்பினேன், வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொன்னேன், மகளிடம் மூட்டை கட்டச் சொன்னேன். அவள் என் பெண் அல்லவா, முதல் கேள்வியே, "ஆர்டர் நம்பர் என்னப்பா?" நம்பர் பின்னால் வரும் என்றேன். எந்த வாயால் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவள் அப்பன் பேச்சை நம்பி, வளர்த்த ஏழு கோழிகளையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அவற்றில் இரண்டை அவர்கள் அன்றைக்கே குழம்பு வைத்து அவளுக்கே ஒரு கிண்ணம் அனுப்பினார்கள். குவார்ட்டர்ஸ் சாவியைக் கொண்டுபோய் அதிகாரியின் மேசை மேல் வைத்திருக்கிறாள். அவர், "கௌன்சா ஆர்டர், மேடம்?" என்று, எந்த ஆர்டர் எனக் கேட்டிருக்கிறார். நல்ல மனிதர், சாவியைத் திருப்பிக் கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம்.

மகள் போனில் அழுதாள். நான் அன்பழகனைத் தேடிப் போய், உன் அண்டர் செக்ரட்டரியை எனக்கு நேரில் காட்டு என்றேன். அவன் என் போனை வாங்கிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். "அங்கிள்... தப்பான குரூப்புல சேத்துட்டேன். இது பேஸ்பால் அங்கிள். அமெரிக்காவுல ஹெரன்ஸ்னு ஒரு டீம். நாங்க பழைய ஷிஃப்ட் பசங்கல்லாம் அதுக்கு ஃபேன்ஸு. அடுத்த சீசனுக்கு அவுட்ஃபீல்டுக்கு யார எடுக்கலாம்னு..." என்றான். நல்லதம்பி டெக்ஸாஸில் சாஃப்ட்வேர் பார்க்கிறாராம். என்னை யாரோ தமாஷ் பேர்வழி என்று நினைத்துக் குழுவே ரசித்திருக்கிறது.

அவன் அந்த விளையாட்டை எனக்கு இரண்டு மணி நேரம் விளக்கினான். சம்பந்தி, விளங்கிய பிறகுதான் எனக்குக் குழப்பம் அதிகமாயிற்று. பந்தை அடித்துவிட்டு மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறார்கள். பந்தை அடிக்காமல் சும்மா நின்றாலும் சில சமயம் நடந்து போகலாம், அதற்கும் பாராட்டு. பந்து வீசுகிறவன் அசந்த நேரத்தில் அடுத்த கட்டத்துக்கு ஓடிவிடுவதுதான் திருடுவது, அது சட்டப்படி செல்லும். ஐ.எல். என்றால் காயம்பட்டவர் பட்டியல், ஃப்ரீ ஏஜென்ட் என்றால் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன், கோல்டு க்ளவ் என்றால் பந்தை நன்றாகப் பிடிப்பவனுக்குப் பரிசு, ஆவரேஜ் என்றால் ஆயிரம் தடவைக்கு எத்தனை தடவை அடித்தான் என்ற கணக்கு. மூன்று பேர் மைதானத்தின் கோடியில் லெஃப்ட், சென்டர், ரைட் என்று நின்றுகொண்டு, பந்து வருமா வருமா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். அது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது.

இப்போது என் வேண்டுகோள். தாங்கள் கோபப்படுவது நியாயம். ஆனால் ப்ரியங்காவை ராஜினாமா செய்யச் சொல்லாதீர்கள். பரீட்சை எழுதித் தானாக வாங்கிய வேலை, சம்பந்தி, அந்த ஆர்டர் வந்த அன்று என் மனைவி செல்லம் உயிரோடு இருந்தாள், அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாப்பிள்ளையையும் ஊருக்குத் திரும்ப அழைத்துவிடாதீர்கள். செல்லம் போனபிறகு இந்த வீட்டில் இரண்டு தட்டு விழுகிறதென்றால் அது அவரால்தான். நடந்ததைக் கேட்டும் என்னிடம் ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. வெள்ளையடித்து மிச்சமிருந்த சுண்ணாம்பை மூடி வைத்தார், பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சித்திரை வரை பொறுங்கள், நானே போய் ஒவ்வொரு மேசையாக நிற்கிறேன். விருந்துக்கு வருவதாகத் தாங்கள் எடுத்திருக்கும் கப்பல் டிக்கெட்டைத் தயவுசெய்து ரத்து செய்துவிடுங்கள். இந்த முகத்தோடு உங்களைத் துறைமுகத்தில் வரவேற்க எனக்குத் தெம்பில்லை.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். லட்டில் அரை கிலோ இன்னும் இருக்கிறது. தங்கள் குடும்பம் குறைவின்றி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை என்றும் வேண்டும்,
பன்னீர்செல்வம்,
தலைமை எழுத்தர் (ஓய்வு).

பி.கு.: மேலே எழுதிய அனைத்தையும் ரத்தானதாகக் கருதவும். இதை அபர்டீன் பஜார் தபாலாபீஸில் நின்று, நூலில் கட்டிய பேனாவால் எழுதுகிறேன், எழுத்து கோணியிருப்பது பேனாவின் குற்றமல்ல. தபால்தலை ஒட்டப்போகும் நேரத்தில் ப்ரியங்கா ஒரு ஆர்டரின் படத்தை அனுப்பினாள். "அப்பா, இதுல நம்பர் இருக்கு" என்று எழுதியிருந்தாள். எண், தேதி, முத்திரை, எல்லாம் சரியாக இருக்கிறது. மாற்றல் அவளுக்கு இல்லை. நம் அருண்பிரசாத்துக்கு. கேம்பல் பேயில் அவர் ஆபீஸின் கிளையில் இருக்கும் ஈஸ்வரன் என்பவர் இங்கே வருகிறார், இவர் அங்கே போகிறார், மியூச்சுவல். ஐப்பசியிலேயே மனுக் கொடுத்திருக்கிறார். 'சொந்த வேண்டுகோளின்படி' என்று போட்டிருப்பதால் பயணப்படிகூடக் கிடையாது. வரும் என்று உறுதியாகத் தெரியாமல் என்னிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தாராம். ஸ்கூட்டர் யாருடையது என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

ஆகவே உங்கள் மகனும் மருமகளும் இனி ஒரே வீட்டில் இருப்பார்கள். நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. நான் கேட்டதும் இதுதான் என்று நினைக்கிறேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன், தபாலாபீஸ் பெண்ணுக்கு அது புரியாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

குழுவிலிருந்து விலகிவிடும்படி அன்பழகன் சொல்லிக் கொடுத்திருந்தான், எனக்கு மனம் வரவில்லை. சற்று முன் அதில் எழுதினேன்: 'சென்டரில் இருந்த மாப்பிள்ளையும் ரைட்டுக்குப் போகிறார். இனி சென்டரில் நான் ஒருவன்தான்.' டெக்ஸாஸில் அது என்ன நேரமோ, நல்லதம்பி உடனே பதில் போட்டார்: 'சென்டர் ஃபீல்டுல எப்பவுமே ஒருத்தர்தான் நிப்பாங்க அங்கிள். இருக்கறதுலயே பெரிய எடம் அதுதான்.' விளையாட்டைத்தான் சொல்கிறார் என்று தெரிகிறது. ஆனாலும் மூன்று தடவை படித்தேன்.

கப்பல் டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள், சம்பந்தி. திரும்பிப் போகும் டிக்கெட்டை மட்டும் இப்போதைக்கு எடுக்க வேண்டாம்.